‘நேத்து ஏன் வரலை?’: வாசகர் கேள்வி பதில்

தனிமை, நட்பு, உறவு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுத் தருகிறோம்.

கேள்வி: ரிட்டயர் ஆனபின் கும்பகோணத்தை விட்டு மேடவாக்கத்தில் மகன் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மகன், மருமகள், பேத்தி எல்லோரும் பாசமாக இருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் நாலு மணி ஆனால் மனசு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. இவ்வளவு நல்ல குடும்பம் இருந்தும் இப்படி நினைப்பது நன்றிகெட்டதனமா? (மேடவாக்கம்)

பதில்: இல்லவே இல்லை. தனிமையில் இரண்டு வகை உண்டு என்று ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973லேயே பிரித்துச் சொன்னார். நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று. பழகும் வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றைக் கொடுத்து மற்றதை நிரப்ப முடியாது. வயிறு நிறையச் சாப்பிட்டாலும் தாகத்துக்குத் தண்ணீர்தான் வேண்டும்.

கும்பகோணத்தில் அந்த நாலு மணிக்கு டீக்கடை பெஞ்சிலோ நூலகத்திலோ கோயில் பிராகாரத்திலோ உங்களை எதிர்பார்த்து யாரோ இருந்திருப்பார்கள். இரண்டு நாள் தலை காட்டாவிட்டால் “நேத்து ஏன் வரலை?” என்று கேட்டிருப்பார்கள். மேடவாக்கத்தில் அதைக் கேட்க ஆள் இல்லை. மகனால் அந்த ஆளாக ஆக முடியாது. அவர் மேலும் குற்றமில்லை, உங்கள் மேலும் இல்லை.

செய்ய வேண்டியது இது. ஒரே இடம், ஒரே நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது, ஆறு வாரம். பூங்காவோ குடியிருப்பின் கீழ்த்தளமோ எதுவானாலும் சரி, இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பு ஒன்றில் யாருக்கு யார் நண்பரானார்கள் என்று ஆராய்ந்து 1950ல் வெளியிட்டார்கள். குணப் பொருத்தத்தைவிட, யார் கதவு யார் கதவுக்கு அருகில் என்பதுதான் பெரும்பாலும் நட்பைத் தீர்மானித்தது. மாடிப்படிக்கு அருகே இருந்த கீழ்த்தள வீட்டுக்காரர்களுக்கு மாடியில் நண்பர்கள் அதிகம். படியில் ஏறி இறங்குகிறவர்கள் தினமும் அந்த வாசலைக் கடந்துதானே போக வேண்டும்! நீங்களும் அந்தப் படிக்கட்டு ஓரம் போன்ற இடத்தில் உட்கார வேண்டும். பெஞ்ச் மூலையில் இல்லாமல் நடைபாதை வளைவில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் தலையசைப்பு போதும். மூன்றாவது வாரம் பெயர் கேளுங்கள்; வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள், மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஐந்தாவது வாரம் ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். “ஏதாவது உதவி பண்ணட்டுமா?” என்று பொதுவாகக் கேட்டால் “பரவாயில்லை சார்” என்றுதான் பதில் வரும். “செவ்வாய், வெள்ளி தண்ணி லாரி வர்றப்போ ரீடிங் பார்த்து நோட்டுல நான் எழுதிடறேன்” என்று அசோசியேஷன் செயலாளரிடம் குறிப்பாகக் கேளுங்கள். பொறுப்பு கையில் இருந்தால் உங்களைத் தேடி ஆள் வரும். அதோடு, பெரும்பாலான ஆண்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேச வராது. கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ஆஸ்திரேலியாவில் வயதான ஆண்களுக்காக ‘மென்ஸ் ஷெட்’ என்ற பட்டறைகள் நடப்பது இந்த அடிப்படையில்தான். சேர்ந்து நாற்காலி பழுது பார்ப்பார்கள், பேச்சு அதன் ஓரத்தில் ஓடும்.

கெட்டுப்போவது எங்கே? பழைய பதவியை வைத்துப் பேச்சைத் தொடங்குவது, கேட்காமலே யோசனை சொல்வது, இரண்டுமே ஆட்களை விரட்டும். மூன்றாவது ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அது காது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் வார்த்தை பிரிபடாமல் வெறுமனே தலையாட்டிவிட்டு வருகிறீர்களா? பேத்தி பேசுவது ஃபேன் சத்தத்தில் புரியவில்லையா? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் (காது கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். கேட்காத காது கூட்டத்திலிருந்து மனிதனை மெல்ல மெல்ல விலக்கிவிடும். மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020ல் பட்டியலிட்டவற்றில் காது மந்தமும் இருக்கிறது, பிறரோடு தொடர்பற்றுப் போவதும் இருக்கிறது.

கேள்வி: தனியாக இருக்க முடியாதது மனப் பலவீனம் இல்லையா? ரிஷிகள் காட்டில் இருக்கவில்லையா? (மதுரை)

பதில்: தானாகத் தேடிப் போவது ஏகாந்தம். வேண்டாமலே வந்து சேர்வது தனிமை. ஒன்று ஊட்டம் தரும், மற்றது அரிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

யாரோ ஒருவரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஆசை அல்ல, பசியைப் போல ஓர் அடிப்படைத் தேவை என்று பாமைஸ்டர், லியரி என்ற இரு உளவியலாளர்கள் 1995ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே திருப்பிவிட்டது. அந்தத் தேவை நிறைய இரண்டு நிபந்தனைகளை வைத்தார்கள்: சண்டை சச்சரவில்லாத சந்திப்பு அடிக்கடி நடக்க வேண்டும், அந்த உறவில் ஒருவர் மேல் ஒருவருக்கு நீடித்த அக்கறை இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாசமான அண்ணனிடம் முதலாவது இல்லை. தினமும் லிஃப்டில் பார்க்கும் முகத்திடம் இரண்டாவது இல்லை. இரண்டும் சேர்ந்து ஒருவரிடமாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பும் இதற்குச் சாட்சி. மொத்தம் 3 லட்சத்துக்கும் அதிகமான பேரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளை 2010ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலம் முடிய உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதோடு தொடர்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2025ல் வெளியிட்ட அறிக்கை. பசி எடுப்பதைப் பலவீனம் என்று சொல்ல மாட்டோம் அல்லவா?

கேள்வி: எனக்கு இரண்டே தோழிகள். போதுமா? எல்லோரும் என்னைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள். (திருச்சி)

பதில்: தாராளமாகப் போதும், அந்த இருவரும் ஒரே நேரத்தில் ஊர் மாறிவிடாத வரை. மூன்றாவதாக ஒருவரை இப்போதே மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு ஆறு பேர். ஷிஃப்ட் வாரம் மாறும். ஏழு மாசம் ஆகியும் தோழி என்று சொல்ல ஒருத்தி கிடைக்கவில்லை. ஊரில் எனக்கு அத்தனை தோழிகள். என்னிடம்தான் ஏதோ கோளாறா? (ஓசூர்)

பதில்: கோளாறு உங்களிடம் இல்லை, மணிக் கணக்கில் இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக ஊர் மாறியவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் விசாரித்து 2018ல் ஒரு கணக்குச் சொன்னார். தெரிந்த முகம் ஓரளவு நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம். நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம். உயிர்த்தோழி ஆக 200 மணி நேரத்துக்கு மேல். சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. சிரித்துப் பேசி, சும்மா கூட இருந்த நேரம்தான் எடை கூடும். ஊர்த் தோழிகளோடு பள்ளிக்கூடம், பஸ், ட்யூஷன் என்று இந்த மணி நேரம் உங்களுக்குத் தெரியாமலே ஓடியிருக்கிறது.

இப்போது ஓசூர்க் கணக்கைப் போடுவோம். லைனில் நிற்கும் நேரத்தை விட்டுவிடுங்கள். டீ பிரேக், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாளைக்கு இருபது நிமிடம் பேச்சு என்றால் ஆறு நாளில் 2 மணி. அதுவும் ஷிஃப்ட் மாறும்போது ஆளும் மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அதனால் ஆறு பேரோடும் கொஞ்சம் கொஞ்சம் என்று சிதறாதீர்கள். உங்களோடு சேர்ந்தே ஷிஃப்ட் மாறும் பேட்ச் எது என்று பார்த்து, அதில் ஒருவரை, மிஞ்சினால் இருவரைத் தேர்ந்தெடுங்கள். வார லீவு அன்று 4 மணி நேரத்தை நிலையாக்குங்கள். துணி துவைப்பது, மார்க்கெட் போவது, ஹாஸ்டலில் அனுமதி இருந்தால் ஒரு சாம்பார் சாதம் கிளறுவது. 4 மணியும் அந்த 2 மணியும் சேர்ந்து வாரம் 6 மணி. பதினைந்து வாரத்தில் 90 மணி நேரம் ஆகிவிடும். நாலு மாதம்கூட இல்லை.

தொடங்கும் வழி: சின்ன உதவி கேளுங்கள். “நான் டூட்டிக்குப் போறேன், மழை வந்தா கொடியில இருக்கற துணிய எடுத்து வெச்சிடறியா?” என்பது போதும். நாம் உதவி செய்வதைவிட உதவி கேட்பதுதான் கதவைத் திறக்கும். அவளும் அடுத்த வாரம் தயங்காமல் கேட்பாள். சொந்தக் கஷ்டத்தை முதல் வாரமே கொட்டிவிடாதீர்கள். அவள் ஒன்று சொன்னால் நீங்கள் ஒன்று என்று படிப்படியாகப் போகட்டும். முதல் மூன்று மாதம் கடன் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ரூமுக்குள் சீட்டு பிடிப்பதும் அப்படித்தான். ஒரு மாதம் ஒருத்தி கட்டத் தவறினால் ஆறு பேரும் முகம் பார்க்காமல் போய்விடுவீர்கள். டூட்டி முடிந்து வந்ததும் இயர்போன் மாட்டி ஊருக்குப் பேசிக்கொண்டே தூங்கும் பழக்கம் இருந்தால், முதல் அரை மணியை மட்டும் ரூமுக்குக் கொடுங்கள். காதில் அது இருக்கும்வரை யாரும் பேச வர மாட்டார்கள்.

இன்னொன்று. நைட் ஷிஃப்ட் வாரத்தில் “யாருக்கும் என்னைப் பிடிக்கலை” என்று தோன்றினால் அதை நம்பாதீர்கள். தூக்கம் குறைந்தவர்கள் பிறர் அருகில் வருவதையே விரும்பாமல் ஒதுங்குகிறார்கள், அவர்களைப் பார்ப்பவருக்கும் தள்ளி நிற்கத் தோன்றுகிறது என்று 2018ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தூங்கி எழுந்து பகல் ஷிஃப்டுக்கு வந்தபிறகு யோசியுங்கள்.

கேள்வி: பதினொரு வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கிறேன். காலையில் நூறு குட்மார்னிங். ஆனாலும் பேச ஆள் இல்லாத மாதிரி இருக்கிறது. இது உண்மையான தனிமையா, என் கற்பனையா? (கோவை)

பதில்: மூன்று கேள்விகளில் அளந்து பார்க்கலாம், ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல்தான். துணைக்கு ஆள் இல்லையே என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? என்னை விட்டுவிட்டார்களே என்று? எல்லோரிடமிருந்தும் துண்டிக்கப்பட்டது போல? ஒவ்வொன்றுக்கும் ‘அநேகமாக இல்லை’ என்றால் 1, ‘சில நேரம்’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. கூட்டுத்தொகை 6 அல்லது அதற்கு மேல் என்றால் அது கற்பனை அல்ல.

குரூப் செய்தி எல்லோருக்கும் போவது. உங்களுக்கென்று வருவது அல்ல. அதனால்தான் நூறு வந்தும் நெஞ்சில் ஒன்றும் தங்குவதில்லை. பழைய நண்பரோடு தொடர்பைப் புதுப்பிக்கச் சிலரை எழுத்தாலும் சிலரைப் பேச்சாலும் முயலச் சொல்லிப் பார்த்தார்கள். போனில் பேசுவது தர்மசங்கடமாக இருக்கும் என்று பயந்தவர்களுக்கும் அப்படி இருக்கவில்லை, குரல் கேட்டவர்களுக்கு நெருக்கம் கூடியிருந்தது. 2021ல் வெளியான ஆய்வு இது. ஆகவே குரூப்பை விட்டு வெளியேறத் தேவையில்லை. அதிலிருந்து இரண்டு பெயரை எடுத்து, வாரம் ஒரு நாள், ஆளுக்குப் பத்து நிமிடம் கூப்பிடுங்கள்.

பல வருடம் பேசாதவர் என்றால் முதலில் ஒரு செய்தி அனுப்பலாம். “சாரி, இத்தனை நாள் பேசவே முடியலை...” என்று நீட்டினால் எதிராளிக்கு ஆறுதல் சொல்லும் வேலை வந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: “இன்னிக்கு காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல அந்தப் பழைய பழக்கடையப் பார்த்தேன், உன் ஞாபகம் வந்துச்சு. ஞாயிறு காலைல பத்து மணிக்குக் கூப்பிடட்டுமா?” ஒரு ஞாபகம், ஒரு நேரம், அவ்வளவுதான். “டைம் கிடைச்சா கூப்பிடு” என்றால் அந்த டைம் கிடைக்கவே கிடைக்காது. முதல் அழைப்பிலேயே வேலை வாய்ப்பு, பாலிசி, சிபாரிசு எதுவும் கேட்காதீர்கள்.

ப்ளூ டிக் விழுந்தும் பதில் வரவில்லையா? இங்கேதான் தனிமை தன் வேலையைக் காட்டும். நாளாக நாளாக அது மூளையை எச்சரிக்கையிலேயே வைத்திருக்கும், “வேணும்னே பதில் போடலை” என்று முதலில் அதையே நினைக்க வைக்கும். தனிமையைக் குறைக்கும் பல முறைகளை ஒப்பிட்டு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011 தொகுப்பாய்வில், இந்த மாதிரி நினைப்பைத் திருத்தும் முறைக்கே கூடுதல் பலன் இருந்தது. பதில் வராததற்கு வேறு மூன்று காரணங்களைத் தாளில் எழுதுங்கள்: வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல், அப்புறம் போடலாம் என்று மறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி முயலுங்கள். அதற்கும் மௌனம் என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் மகனை வேறு பள்ளிக்கு மாற்றினோம். இன்டர்வெல்லில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று அழுகிறான். “இதெல்லாம் ஒரு விஷயமா” என்கிறார் அவன் அப்பா. (சேலம்)

பதில்: விஷயம்தான். கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர் பந்து போட்டுப் பிடிக்கும் விளையாட்டை வைத்து 2003ல் ஒரு சோதனை நடந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் சோதனைக்கு வந்தவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அப்போது மூளையில், உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி தூண்டப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வில், எதிரே ஆடுவது வெறும் கம்ப்யூட்டர்தான் என்று சொல்லிவிட்டு ஆடவிட்டும் மனம் புண்பட்டது. வளர்ந்தவர்களுக்கே இப்படி. அவன் அப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

வகுப்பு முழுவதும் அவனுக்கு நண்பர்களாக வேண்டாம், ஒருவன் போதும். யார் பெயரை அவன் வீட்டில் இரண்டு முறையாவது சொல்லியிருக்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனை மட்டும், சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம், ஒரு வேலையோடு வீட்டுக்கு அழையுங்கள்: கேரம், சைக்கிள், புராஜெக்ட் சார்ட். இரண்டு பேரை அழைத்தால் அவர்கள் ஒன்று சேர்ந்து, உங்கள் மகன் தன் வீட்டிலேயே மூன்றாவது ஆளாகிவிடுவான். நேரம் முடியும் முன்பே, விளையாட்டு சூடாக இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் அந்தப் பையனே கேட்பான். வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குழு பிரிக்கும்போது “நீங்களே பிரிச்சுக்கோங்க” என்று விடாமல் பெயர் சொல்லி அவரே பிரிக்கட்டும். மற்றப் பையன்களின் பெற்றோருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தால் திங்கட்கிழமை அவன் இன்னும் தனியாகிவிடுவான். அடி, பணம் பிடுங்குதல், கேலி வீடியோ இருந்தால் மட்டும் அன்றே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மாலைக் கூடுகை தொடங்கினோம். முதல் மாதம் நாற்பது பேர், மூன்றாம் மாதம் நாலு பேர். எங்கே தப்பு? (தஞ்சாவூர்)

பதில்: நாற்பதில்தான் தப்பு. நாற்பது பேரில் ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. நம்மிடமே நல்ல மாதிரி இருக்கிறது. 1989ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் 12 முதல் 20 பேர்தான். நிலையான நாளில் கூட்டம், வருகைப் பதிவு, சின்னச் சேமிப்பு, உள்ளுக்குள் கடன், கணக்கு நோட்டு. பணத்துக்காக வந்த விதிகள்தான், ஆனால் மனிதர்களைக் கட்டுவதும் அவையே.

நீங்கள் மாதம் ஒருமுறை கூடியிருக்கிறீர்கள். ஒன்று தவறினால் அறுபது நாள் இடைவெளி. வாரம் ஒருமுறையாக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், மேடை மைக் இருந்தால் பத்தே நிமிடத்தில் அது சொற்பொழிவு ஆகிவிடும். டீ போடுகிறவர், நோட்டு எழுதுகிறவர், பாய் விரிக்கிறவர் என்று வாரம் மாற்றுங்கள். டீ எப்போதும் பெண்களிடமே போகக் கூடாது. அன்று வராதவரை இரவுக்குள் ஒருவர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இந்தப் பொறுப்பும் சுற்றில் வரட்டும். கையில் ஒரு பொது வேலை கட்டாயம்: தெரு மரங்களுக்குத் தண்ணீர், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். இருபதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது வீட்டு வரிசைப்படி பிரியுங்கள், சாதி வாரியாகத் தானே பிரிந்துகொள்ள விடாதீர்கள். தெருவில் ஒரு வீட்டை வெளியே நிறுத்திவிட்டு நெருக்கமாகும் குழுவைத் தொடங்காமலே இருக்கலாம்.

கேள்வி: அப்பா போய் ஒன்றரை வருடம். தையில் தங்கை கல்யாணம். அம்மா, “நான் பின்னாடி எங்கயாச்சும் உட்கார்ந்துக்கறேன்” என்கிறாள். நான் மூத்த மகள். என்ன செய்வது? (திண்டுக்கல்)

பதில்: கல்யாண மண்டபத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் நம் ஊரில் ‘நீ எங்கள் ஆள்’ என்று சொல்லும் மொழி. கணவரை இழந்தவர் அவரோடு அந்த இடத்தையும் இழக்கிறார். இரண்டாவது இழப்பை நீங்கள் தடுக்க முடியும், இப்போதே தொடங்கினால்.

முதலில் அம்மாவிடம் தனியாக, உறவினர் யாரும் இல்லாதபோது கேளுங்கள். அவர் பயப்படுவது பெரும்பாலும் சாஸ்திரத்துக்கு அல்ல, யாராவது ஏதாவது சொல்லி தங்கையின் முகம் வாடிவிடுமோ என்றுதான். எது வேண்டும், எது வேண்டாம் என்பது அவர் முடிவு. பூவையும் குங்குமத்தையும் வற்புறுத்தாதீர்கள். பத்திரிகை வைக்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள், முகூர்த்தப் புடவையை அவர் தேர்ந்தெடுக்கட்டும். வீடு வீடாக அவர் முகத்தை முன்பே பார்த்துவிட்டால் மண்டபத்தில் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது. பங்காளிகளில் மூத்தவரிடமும் சடங்கு செய்து வைப்பவரிடமும் ஒரு மாதம் முன்பே பேசி, அம்மா எந்தெந்த இடத்தில் இருப்பார் என்று முடிவு செய்துவிடுங்கள். மணவறை ஓரத்தில் கிளம்பும் விவாதத்தில் தோற்பது எப்போதும் அம்மாதான்.

கல்யாணம் முடிந்த பத்து நாள் முக்கியம். சொந்தமெல்லாம் கிளம்பி, தங்கையும் போய், வீடு திடீரென்று காலியாகும். யார் எந்த நாள் வந்து அவரோடு சாப்பிடுவது என்று இப்போதே எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்று சொன்னாலோ ஆறுதல் மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416க்கு இரவு பகல் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றிக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கல்யாணத்தன்று வாசலில் சந்தனத் தட்டும் பன்னீர்ச் செம்பும் இருக்கும் மேஜைக்குப் பின்னால் அம்மாவை நிறுத்துங்கள். பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒரு நாத்தனாரோ தங்கையோ நிற்கட்டும். யாராவது தயங்கினால் பதில் அம்மா சொல்லக் கூடாது, நீங்கள் சொல்ல வேண்டும், சிரித்த முகமாக, ஒரே வரியில்: “அம்மா கையால சந்தனம் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க சித்தி.”